72 ஏக்கர் காடும் நம் பெண்பிள்ளைகளும்

பனிக்கட்டியாறு என்றால் என்ன என்று வினாத்தாளில் கேட்டால் நமது மாணவியர் தயங்காமல் விடை எழுதுவார்கள். அது மலையை எப்படி அரிக்கும், பள்ளத்தாக்கை எப்படி அகலமாக்கும், உருகிப் பின்வாங்கும்போது கல்லையும் மண்ணையும் எப்படி மேடாக விட்டுச் செல்லும் என்பதையெல்லாம் படம் வரைந்து விளக்குவார்கள். அமேசன் காட்டின் அடுக்குகளும் சகாராவின் மணல்மேடுகளும் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் நுவரெலியா நகரிலிருந்து இரண்டு கிலோமீற்றர் தூரத்தில், ஹாவா எலியவில் இருக்கும் கல்வேஸ் லேண்ட் தேசிய பூங்காவில் என்ன இருக்கிறது என்று கேட்டால், இந்த மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களிடமும் பெரும்பாலும் பதில் இராது.

இது பிள்ளைகளின் குற்றமன்று. நாம் காட்டவில்லை, அவர்கள் பார்க்கவில்லை. நுவரெலியா என்றால் நமக்குக் கிரகரி வாவி, குதிரைச் சவாரி, விக்டோரியா பூங்கா, ஸ்ட்ரோபெரி, ஏப்ரல் மாதத்துக் கூட்டம். பெருநாள் விடுமுறைக்குக் காத்தான்குடியிலிருந்தும் அக்குறணையிலிருந்தும் உறவினர்கள் வந்தால் அவர்களை அழைத்துச் செல்வதும் அங்கேதான். காடு நமது பட்டியலில் இல்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்தச் சிறிய காட்டை நமது பெண்பிள்ளைகள் ஆண்டுக்கு ஒரு முறையாவது நேரில் சென்று பார்த்து, பார்த்ததைத் தமிழில் எழுதிவைக்க வேண்டும்; அதற்குப் பெற்றோர் துணை நிற்க வேண்டும். அது பிள்ளைகளின் படிப்புக்கு நல்லது. அந்தக் காடு பிழைத்திருப்பதற்கும் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சிறியது, ஆனால் மிச்சமிருப்பது

கல்வேஸ் லேண்ட் 1938ஆம் ஆண்டு சரணாலயமாகவும், 2006ஆம் ஆண்டு தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. இதன் பரப்பு ஏறத்தாழ 29 ஹெக்டேயர். நமக்குப் பழகிய கணக்கில் சொன்னால் சுமார் 72 ஏக்கர். பல தோட்டங்களில் ஒரு டிவிஷன் இதைவிடப் பெரிதாக இருக்கும். ஹோட்டன் சமவெளித் தேசிய பூங்கா 3,160 ஹெக்டேயர். அதனோடு ஒப்பிட்டால் இது நூற்றில் ஒரு பங்கு. இலங்கையின் மிகச் சிறிய தேசிய பூங்காக்களில் இதுவும் ஒன்று.

இவ்வளவு சிறிய இடத்துக்கு ஏன் இவ்வளவு பெரிய பெயர் என்று கேட்கலாம். நுவரெலியாவைச் சுற்றிப் பாருங்கள். தேயிலை, மரக்கறித் தோட்டம், யூகலிப்டஸ், பைனஸ், ஹோட்டல், வீடு. மனிதன் நடாத மரங்கள் நிற்கும் இடம் நகரை அண்டி எவ்வளவு இருக்கிறது? கல்வேஸ் லேண்டில் நிற்பது பெரும்பாலும் மலைநாட்டின் சொந்தக் காடு. வெளிநாட்டு மரஞ்செடிகளும் இடையிடையே கலந்திருக்கின்றன. ஆனாலும் குளிருக்கும் காற்றுக்கும் பழகிக் குட்டையாகவும் முறுகியும் வளர்ந்த மரங்கள், அவற்றின் உடம்பெல்லாம் பாசி, அடியில் பன்னம் என்று அந்தப் பழைய காட்டின் முகம் இங்கே மாறாமல் இருக்கிறது. மூடுபனி இந்தப் பாசியிலும் இலைகளிலும் படிந்து துளித்துளியாகச் சொட்டும். மழை பெய்யாத நாளிலும் இத்தகைய காட்டின் தரை ஈரமாக இருப்பது அதனால்தான். நமது பீலிகளிலும் ஓடைகளிலும் வரும் நீருக்கு மேலே எங்கோ ஒரு காடு இப்படித்தான் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறது.

கரடிக் குரங்கு என்று அழைக்கப்படும் மலைநாட்டு மந்தியும், மரையும், காட்டுப்பன்றியும் இங்கு வாழ்கின்றன அல்லது வந்துபோகின்றன. உலகில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவைகளும் இருக்கின்றன: மஞ்சட்காதுக் கொண்டைக்குருவி, இலங்கை வெள்ளைக்கண்ணி, மங்கிய நீல நிற ஈப்பிடிப்பான். உலகின் பல நாடுகளிலிருந்து பறவை பார்ப்பவர்கள் கமராவைத் தூக்கிக்கொண்டு விமானமேறி வருவது இவற்றுக்காகத்தான். நாமோ பஸ் கட்டணத்தில் போய்வரும் தூரத்தில் இருக்கிறோம்.

பனி மூடாத மலையில் பனியின் அடையாளம்

புவியியல் படிக்கும் மாணவி ஒருத்தி இங்கே ஒரு கேள்வி கேட்கலாம்: பனிக்கட்டியாறு நம் மலைகளையும் செதுக்கியதா? இல்லை. கடைசிப் பனிக்காலம் உச்சத்தில் இருந்தபோது, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பெரும்பரப்புகள் பனிக்கட்டியின் கீழ் இருந்தன. இலங்கையின் மலைகளை அது மூடவில்லை. ஆனால் அந்தக் காலம் நம்மைத் தொடாமலும் போகவில்லை.

உலகின் நீர் பெருமளவு பனிக்கட்டியாக உறைந்திருந்ததால் கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை தரையாக இருந்தது. இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலம். ஹோட்டன் சமவெளியின் சதுப்பு மண்ணைத் தோண்டி, அதில் அடுக்கடுக்காகப் படிந்திருந்த மகரந்தத் துகள்களை ஆராய்ந்தவர்கள், அந்தக் காலத்தில் பருவமழை குன்றி, இம்மலைகள் குளிர்ந்தும் வறண்டும் புல்வெளி மிகுந்தும் இருந்தன என்று கண்டார்கள். பின்னர் மழை பெருகியது, காடு பரவியது. இன்று நாம் காணும் மலைக்காடு அந்த மாற்றத்தின் பிள்ளை.

ஹோட்டன் சமவெளியில் சிவந்த பூ மலரும் ரொடொடெண்ட்ரன் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். சிங்களத்தில் அதை மஹ ரத்மல் என்பார்கள். அதே இனம்தான் இமயமலையிலும் பூக்கிறது. நேபாளத்தின் தேசிய மலர் அது. நீலகிரியிலும் அதன் உறவு இருக்கிறது. இடையில் இருக்கும் சூடான சமவெளிகளில் அது இல்லை. குளிர்ந்த காலத்தில் இவ்வகைத் தாவரங்கள் தாழ்நிலங்களிலும் பரவி, உலகம் சூடேறியபோது மலையுச்சிகளில் மட்டும் ஒதுங்கி நின்றன என்பது தாவரவியலாளர் பலரின் விளக்கம். வெள்ளம் ஏறும்போது மேட்டில் ஏறி நின்றவர்களைப் போல, இவை குளிரைத் தேடி உயரத்தில் ஏறி நிற்கின்றன. இதற்கு மேல் ஏற உயரமில்லை. உலகம் இன்னும் சூடேறினால் அவை போவதற்கு வேறு இடமும் இல்லை.

பனிக்கட்டியாற்று நாட்டிலிருந்து ஆண்டுதோறும் நம்மைத் தேடி வரும் விருந்தாளி ஒன்றும் உண்டு. அதன் பெயர் காஷ்மீர் ஈப்பிடிப்பான். உள்ளங்கையில் அடங்கிவிடும் சிறு குருவி. ஆணின் மார்பு செங்கல் நிறம். அதன் ஓரத்தில் கறுப்புக் கோடு. காஷ்மீரிலும் அதை ஒட்டிய மேற்கு இமயமலைப் பகுதியிலும், பனிக்கட்டியாறுகள் செதுக்கிய பள்ளத்தாக்குகளின் காடுகளில் இது கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கிறது. குளிர் தொடங்கியதும் ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர் பறந்து தென்னிந்திய மலைகளுக்கும் இலங்கையின் மத்திய மலைநாட்டுக்கும் வருகிறது. மார்ச் மாதம் அளவில் திரும்பிப் போகிறது. கல்வேஸ் லேண்டும் விக்டோரியா பூங்காவும் அதைக் காணப் பேர்போன இடங்கள். காஷ்மீரில் கொலாஹோய் போன்ற பனிக்கட்டியாறுகள் சுருங்கி வருகின்றன. அங்கே அதன் வீடு மாறிக்கொண்டிருக்கிறது. இங்கே நாம் வைத்திருக்கும் விருந்தினர் அறை 72 ஏக்கர். அதையாவது குப்பையில்லாமல் வைத்திருக்கலாகாதா?

எப்படி மிஞ்சியது?

இந்த மலைகள் முழுவதும் ஒரு காலத்தில் காடாக இருந்தன. யானைகள் இருந்தன. நுவரெலியாவில் அடக்கப்பட்ட மேஜர் தோமஸ் றொஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1845இல் இடி விழுந்து இறப்பதற்கு முன் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்று சொல்லப்படுகிறது. இன்று நுவரெலியாவில் யானையைப் பார்க்க வேண்டுமானால் சுவரில் தீட்டிய படத்தில்தான் பார்க்க வேண்டும்.

பிறகு கோப்பி வந்தது. 1869இல் கோப்பியில் துரு நோய் தோன்றியது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. நமது முன்னோர் கைகளால் காடு வெட்டப்பட்டது. ஆனால் வெட்டச் சொன்னவர்கள் அவர்கள் அல்லர். 1873ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர், இலங்கையில் 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை அழிக்காமல் விட்டுவிட வேண்டும் என்று அரசுக்கு ஆலோசனை கூறினார். மேலே காடு போனால் கீழே ஆறு போகும் என்பது அன்றே தெரிந்த செய்தி. ஹட்டன் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. நுவரெலியா 6,000 அடிக்கும் மேலே. அந்தக் கோட்டைத் தாண்டியும் பல இடங்களில் தேயிலை ஏறிவிட்டது. எனினும் ஹோட்டன் சமவெளியும் அதைச் சூழ்ந்த மலைக்காடுகளும் இன்று நிற்பதற்கு அந்த ஆலோசனை பெரிய காரணம்.

ஆகவே கல்வேஸ் லேண்டைப் பார்க்கும்போது ஒரு சிறிய பூங்காவைப் பார்க்கிறோம் என்று எண்ண வேண்டாம். ஒரு பெரிய புத்தகம் எரிந்துபோன பின் கையில் மிஞ்சிய ஒரு தாளைப் பார்க்கிறோம்.

ஓரத்திலிருந்து சாகும் காடு

சிறிய காடு பெரிய காட்டைப் போல் சாவதில்லை. பெரிய காட்டை அழிக்க வாளும் இயந்திரமும் வேண்டும். சிறிய காட்டுக்கு அவை தேவையில்லை. அது ஓரத்திலிருந்து தானாகச் சாகும். எப்படி என்பதை ஒரு கணக்கால் காட்டலாம்.

29 ஹெக்டேயர் நிலம் சரியான சதுரமாக இருந்தால் அதன் ஒரு பக்கம் சுமார் 540 மீற்றர். வெளியிலிருந்து வரும் பாதிப்பு ஒவ்வொரு பக்கமும் 100 மீற்றர் மட்டும் உள்ளே புகுந்தது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் மிஞ்சுவது பக்கத்துக்கு 340 மீற்றர். அதன் பரப்பு பன்னிரண்டு ஹெக்டேயருக்கும் குறைவு. அதாவது ஒரு மரமும் வெட்டாமலே பாதிக்கும் மேற்பட்ட காடு போய்விட்டது. பெரிய காட்டில் இதே 100 மீற்றர் ஒரு பொருட்டல்ல.

அந்தப் பாதிப்பு எது? வெயிலும் காற்றும் ஓரத்து ஈரத்தை உறிஞ்சும், பாசி காயும். வீட்டுத் தோட்டத்திலிருந்து தப்பிய அந்நியச் செடி உள்ளே முளைக்கும். நகரில் யாரோ வீதியில் விட்ட நாயும் பூனையும் இரை தேடி நுழையும். குப்பை இருக்கும் இடத்துக்குக் காகம் வரும். காகம் வந்தால் சிறு பறவைகளின் முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆபத்து. சோற்று மணம் ஒட்டிய லஞ்ச் சீற்றை மரை தின்னும். இவற்றில் எதையும் செய்ய ஒரு கெட்ட மனிதன் தேவையில்லை. கவனமில்லாத நல்ல மனிதர்கள் போதும்.

வேலியும் காவலரும் மட்டும் இதைத் தடுக்க முடியாது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் எல்லைக்கு உள்ளே சட்டத்தை நடத்தலாம். எல்லைக்கு வெளியே இருப்பது நமது வீடும் கடையும் தெருவும். சிறிய காட்டின் உண்மையான வேலி அதைச் சுற்றியிருக்கும் மக்களின் பழக்கம்தான். தெரியாத ஒன்றுக்காக யாரும் பழக்கத்தை மாற்றிக்கொள்வதில்லை. பிள்ளைகள் காட்டைப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மனிதனுக்கே நிலமில்லையே?

இதற்கு எதிராக ஒரு கேள்வி எழும். அதை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையாகாது. "இருநூறு ஆண்டு உழைத்த மலையக மக்களுக்கு ஏழு பேர்ச்சஸ், பத்து பேர்ச்சஸ் நிலத்துக்கே போராட வேண்டியிருக்கிறது. குருவிக்கு 72 ஏக்கரா?" என்று ஒருவர் கேட்டால் அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தக் கோபம் இலக்குத் தவறிவிடக் கூடாது. 72 ஏக்கர் என்பது ஏறத்தாழ 11,500 பேர்ச்சஸ். பாதைக்கும் வடிகாலுக்கும் ஒன்றும் ஒதுக்காமல் முழுவதையும் துண்டாக்கினாலும் பத்து பேர்ச்சஸ் வீதம் 1,150 குடும்பங்களுக்குத்தான் வரும். இலங்கையில் தேயிலை நிலம் இரண்டு இலட்சம் ஹெக்டேயருக்கும் அதிகம். பராமரிப்பின்றிக் காடேறிக் கிடக்கும் தேயிலை நிலங்களை ஹட்டனிலிருந்து நுவரெலியா வரும் வழியிலேயே காணலாம். மக்களின் நிலத்தைத் தடுத்து வைத்திருப்பது கல்வேஸ் லேண்ட் அன்று. நிலம் கேட்பவரும் காடு காப்பவரும் எதிரெதிரே நிற்க வேண்டியதில்லை.

விறகும் அப்படித்தான். லயத்தில் அடுப்பெரிக்க விறகு தேடும் ஒரு தாயை நிறுத்தி வைத்து இயற்கைப் பாதுகாப்புப் பற்றிப் பாடம் நடத்துவது எளிது. கழிவை ஓடையில் விடும் பெரிய கட்டடத்தின் வாசலில் நின்று அதே பாடத்தை நடத்துவது கடினம். கடினமானதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

நமது மார்க்க வரலாற்றில் இதற்கு அழகான முன்மாதிரி உண்டு. நபி (ஸல்) அவர்கள் மதீனாவைச் சூழ்ந்த நிலத்தைப் புனித எல்லையாக அறிவித்து, அங்கே மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் தடுத்தார்கள். மேய்ச்சல் நிலங்களைப் பொதுநலனுக்காக ஒதுக்கிக் காக்கும் 'ஹிமா' என்ற முறையும் அக்காலத்தில் நடைமுறையில் இருந்தது. உமர் (ரலி) அவர்கள் அப்படிப்பட்ட ஒரு ஹிமாவுக்குக் காவலரை நியமித்தபோது, சிறிய மந்தையை உடைய எளியவரை உள்ளே அனுமதிக்குமாறும், பெருஞ்செல்வர்களின் மந்தைகளை விலக்கி வைக்குமாறும் சொன்னதாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. பாதுகாப்பின் சுமையை ஏழையின் தலையில் ஏற்றாதே என்பதே அதன் பொருள். கல்வேஸ் லேண்டில் விறகு எடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அது சட்டப்படி காக்கப்பட்ட இடம். ஆனால் விறகு தேவைப்படும் வீட்டுக்கு வேறு வழி காட்டாமல் அந்த வீட்டை மட்டும் குற்றம் சொல்லும் பாதுகாப்பு நிலைக்காது.

பெற்றோருக்கு

அன்புப் பெற்றோரே, மகளைக் காட்டுக்கு அனுப்புவதா என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கும். அது அக்கறையால் வரும் தயக்கம். குளிர், அட்டை, வழுக்கும் பாதை, தொழுகை நேரம், உடை, யார் உடன் வருகிறார்கள் என்ற கேள்வி எல்லாம் நியாயமானவை. எல்லாவற்றுக்கும் விடை உண்டு.

கல்வேஸ் லேண்ட் பல நாள் நடக்கும் பெருங்காடு அன்று. நகரின் ஓரத்தில், நடைபாதை உள்ள, அரை நாளில் பார்த்து முடிக்கக்கூடிய இடம். ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாகக் காலையில் புறப்பட்டால் பகல் உணவுக்கு முன் பார்த்துவிட்டு, நுவரெலியாப் பள்ளிவாசலை அண்டி லுஹர் தொழுகைக்கு ஏற்பாடு செய்துகொண்டு, மாலையில் வீடு திரும்பலாம். ஆசிரியைகள் உடன் வருவார்கள். உம்மாமாரும் வரட்டும். சொல்லப்போனால் அவர்கள் வர வேண்டும் என்பதே என் விருப்பம். பிள்ளை பெற்று, கடைக்கும் அடுப்புக்கும் இடையில் ஆண்டுகளைக் கழித்த எத்தனை தாய்மார், தாம் வாழும் மலையில் ஒரு மணி நேரம் வேலையின்றி நடந்திருக்கிறார்கள்?

நமது பெண்பிள்ளைகள் உயர்தரத்தில் உயிரியல் எடுக்கிறார்கள், பல்கலைக்கழகம் போகிறார்கள், வைத்தியராகவும் ஆசிரியையாகவும் வருகிறார்கள். ஆனால் வெளிக்களத்தில் நின்று ஆய்வு செய்யும் துறைகளுக்குச் செல்வோர் மிகக் குறைவு. திறமை குறைவதனால் அன்று. தவளையையும் இலையையும் அவர்கள் படத்திலும் போத்தலிலும் மட்டுமே சந்திக்கிறார்கள். மலைநாட்டுத் தேவாங்கின் கதையைப் பாருங்கள். அழிந்துவிட்டது என்றே அஞ்சப்பட்ட அந்தச் சிறு பிராணியை ஹோட்டன் சமவெளிப் பகுதிக் காடுகளில் இரவிரவாகத் தேடி முதன்முதலாகப் படமெடுத்தார்கள்; இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் லண்டன் விலங்கியல் சங்கமும் இணைந்து நடத்திய அந்த ஆய்வின் செய்தி 2010இல் உலகெங்கும் வெளியானது. நம் வீட்டுப் பின்புறத்தில் இன்னும் கண்டுபிடிக்க வேண்டியவை இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிப்பவர் ஏன் நம் மகளாக இருக்கக் கூடாது?

சிறு இடத்தைக் காத்தவர்கள்

சிறிய இடங்களை ஊர்மக்கள் காத்த கதைகள் உலகில் பல. அமெரிக்காவில் பொஸ்டன் நகருக்கு அருகே ஹிங்ஹாம் என்ற ஊரில் கடலோரமாக நான்கு மண்குன்றுகள் உண்டு. பனிக்கட்டியாறு குவித்து வழவழப்பாக்கிவிட்டுப் போன குன்றுகள். புவியியல் நூல்களில் 'டிரம்லின்' என்று படிக்கிறோமே, அவைதான். அந்த இடத்தின் பெயர் உலக முடிவு. நமது ஹோட்டன் சமவெளியின் உலக முடிவுக்கு உள்ள அதே பெயர்! சுமார் 250 ஏக்கர்தான். அங்கே ஓர் அணுமின் நிலையம் அமைக்கும் யோசனை கூட ஒரு காலத்தில் எழுந்தது. 1967இல் ஊர்மக்கள் பணம் திரட்ட, ஒரு பாதுகாப்பு அமைப்பு அதை வாங்கிப் பொதுமக்களுக்காக வைத்துக்கொண்டது. இன்றும் குடும்பங்கள் அங்கே நடந்து திரிகின்றன.

கென்யாவின் நைரோபியில் 1989இல் உஹுரு பூங்காவுக்குள் அறுபது மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்ப அரசு முனைந்தது. வங்காரி மாத்தாய் என்ற பெண்மணி எதிர்த்துக் கடிதம் எழுதினார். ஏளனம் செய்தார்கள். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். முதலீட்டாளர்கள் பின்வாங்கினர், கட்டடம் வரவில்லை. கிராமத்துப் பெண்களை மரம் நடவைத்த அவருடைய இயக்கத்துக்காக 2004இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றார். அவரிடம் அதிகாரம் இருக்கவில்லை. அந்த இடம் ஏன் முக்கியம் என்று தெளிவாகச் சொல்லும் அறிவும், சொல்வதை நிறுத்தாத பிடிவாதமும் இருந்தன.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் வேண்டாம். நமது கல்லூரி அளவில் நான்கு காரியங்கள் போதும்.

முதலாவது, ஆண்டுதோறும் ஒரு வகுப்பு, நவம்பர் முதல் பெப்ரவரி வரையுள்ள காலத்தில் ஒரு நாள் கல்வேஸ் லேண்டுக்குச் செல்லட்டும். வலசைப் பறவைகள் இருக்கும் காலம் அது. சுற்றுலா என்று பெயரிட்டுப் பாட்டுப் பெட்டியுடன் போக வேண்டாம். பாடமாகப் போகட்டும். காட்டில் மௌனமாக நடக்கத் தெரிந்தாலே பாதிப் பாடம் படித்தாயிற்று.

இரண்டாவது, ஒவ்வொரு மாணவியும் ஒரு கொப்பி கொண்டுசெல்லட்டும். பார்த்த பறவை, மரம், காலநிலை, நேரம் எல்லாவற்றையும் தமிழில் எழுதட்டும். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் குரலையும் எழுதினால் போதும். வீட்டில் மூத்தம்மாவிடமும், தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாமாரிடமும் கேட்டால் இந்தச் செடிகொடிகளுக்குப் புத்தகத்தில் இல்லாத பெயர்கள் கிடைக்கும். அவற்றைத் தொகுத்தால் நமது மலைக்குத் தமிழில் ஒரு சிறு கைநூல் உருவாகும். அதை எழுத நம்மைவிடப் பொருத்தமானவர் யார்?

மூன்றாவது, காட்டுக்குள் நாம் கொண்டுசெல்லும் எதுவும் திரும்பி நம்முடன் வர வேண்டும். லஞ்ச் சீற்றும் பிளாஸ்டிக் போத்தலும் வேண்டாம். சாப்பாட்டுப் பெட்டியும் தண்ணீர்ப் போத்தலும் வீட்டிலிருந்து வரட்டும். பெருநாளுக்கு வரும் உறவினருக்கும் இதை நமது பிள்ளைகளே சொல்லிக்கொடுக்கட்டும். பெரியவர்கள் அதிகாரியின் அறிவிப்புப் பலகையைப் படிக்காமல் போவார்கள். பேத்தியின் சொல்லைத் தட்ட மாட்டார்கள்.

நான்காவது, அந்தக் குறிப்புகளிலிருந்து ஒரு பக்கம் ஆண்டுதோறும் இந்தச் சஞ்சிகையில் வெளிவரட்டும். எந்த நாளில் போனோம், எதைக் கண்டோம், சென்ற ஆண்டு கண்டு இந்த ஆண்டு காணாதது எது என்று மட்டும் எழுதினால் போதும். பத்து ஆண்டுகள் தொடர்ந்தால் அது வெறும் சஞ்சிகைப் பக்கமாக இராது. அந்தக் காட்டின் உடல்நிலை அறிக்கையாக இருக்கும். ஒரு நாள் யாராவது அந்த 72 ஏக்கரில் கை வைக்க வந்தால், "இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டால், நமது பிள்ளைகளின் கையெழுத்தில் பதில் தயாராக இருக்கும்.

காடு நமக்குச் சொந்தமன்று. அது அமானிதம்: நம்மிடம் தரப்பட்டது, நமக்குப் பின் வருவோருக்குக் கொடுக்கப்பட வேண்டியது. கையில் என்ன இருக்கிறது என்று பார்த்து எண்ணி வைப்பதுதான் அமானிதத்தைக் காப்பவர் செய்யும் முதல் வேலை. அடுத்த நவம்பரில் காஷ்மீரிலிருந்து அந்தச் செம்மார்புக் குருவி வரும்போது, அதை எண்ணுவதற்கு ஹாவா எலியவில் நமது மாணவியர் சிலர் கொப்பியுடன் நிற்கட்டும்.